ஒரே வரி, இரண்டு விதக் குடும்பம்: வரிக்குதிரைகளின் வாழ்க்கை

எல்.கே.ஜி. பிள்ளைகளின் ஆங்கில எழுத்துப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் நிற்பது வரிக்குதிரை. மைசூர் விலங்குக் காட்சிசாலைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் நேரிலும் பார்த்திருப்போம். கறுப்பு வெள்ளை வரிகள், நிமிர்ந்து நிற்கும் பிடரி மயிர், ஓயாமல் புல் மெல்லும் வாய். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் யோசித்திருக்க மாட்டோம். வேலிக்குள் இரண்டு மூன்றாக நிற்கும் வரிக்குதிரைகளைப் பார்த்து அவற்றின் உண்மையான வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளவும் முடியாது. வரிக்குதிரையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது யாரோடு வாழ்கிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பூமியில் ஊர்ந்து திரியும் பிராணிகளும் சிறகால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற பொருளில் அல்குர்ஆன் 6:38 பேசுகிறது. இந்த வசனத்தைப் பலமுறை ஓதியிருக்கிறோம். அந்தச் சமுதாயங்களுக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வரிக்குதிரைகளை அப்படிக் கவனித்தவர்கள் இருக்கிறார்கள்.

வரிக்குதிரையைக் கண்டு வியந்த முஸ்லிம்களில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரும் ஒருவர். 1621இல் அபிசீனியாவிலிருந்து, அதாவது இன்றைய எத்தியோப்பியாவிலிருந்து, ஒரு வரிக்குதிரை அவரது அரசவைக்கு வந்து சேர்ந்தது. யாரோ சாயம் பூசி ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்து, சோதித்துப் பார்த்த பிறகே அது இயற்கையான நிறம் என்று நம்பினார்கள். அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் அதை வரைந்தார். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு அந்த விலங்கைப் பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார் ஜஹாங்கீர். ஓவியத்தில் வரிக்குதிரை தனியாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு துணையும் இல்லை.

வரிக்குதிரை குதிரை இனத்தைச் சேர்ந்தது. கழுதைகளும் காட்டுக் கழுதைகளும் அதன் நெருங்கிய உறவினர்கள். சிங்கத்தைக் கண்டு வெருண்டோடும் காட்டுக் கழுதைகளை அல்முத்தஸ்ஸிர் அத்தியாயம் உவமையாகச் சொல்கிறது. நபித்தோழர் அபூகதாதா (ரலி) காட்டுக் கழுதையை வேட்டையாடிய செய்தி புகாரியில் இருக்கிறது. நாட்டுக் கழுதை தடுக்கப்பட்டது, காட்டுக் கழுதை அனுமதிக்கப்பட்டது. வரிக்குதிரையையும் அறிஞர்கள் காட்டுக் கழுதையின் வகையிலேயே சேர்க்கிறார்கள். ('ஹலாலா?' என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம்.) ஆனால் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. சிரியா, ஜோர்டான், இராக், அரபுப் பாலைவனம் என்று ஒரு காலத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த அந்தச் சிரியக் காட்டுக் கழுதை இன்று உலகில் எங்கும் இல்லை. துப்பாக்கியும் மோட்டார் வாகனமும் பாலைவனத்துக்குள் வந்த பிறகு, 1920களின் இறுதியில் அது அடியோடு அழிந்துபோனது. ஹதீஸில் பெயர் இருக்கிறது, மண்ணில் விலங்கு இல்லை.

பிரியாத குடும்பம்

இன்று உயிரோடு இருக்கும் வரிக்குதிரைகள் மூன்று வகை. சமவெளி வரிக்குதிரை, கிரேவி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை. மூன்றும் ஆப்பிரிக்காவில் மட்டுமே உண்டு. மலை வரிக்குதிரை நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கரடுமுரடான மலைச் சரிவுகளில் வாழ்வது. அதை இங்கே விட்டுவிடுவோம். மற்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சமவெளி வரிக்குதிரை. தான்சானியாவின் செரெங்கெட்டியில் மட்டும் சுமார் 2 லட்சம் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கலந்து நிற்பதைப் பார்த்தால் சந்தைக் கூட்டம் போலத் தோன்றும். 1960களில் ஹான்ஸ் கிளிங்கெல் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இங்கோரோங்கோரோ பள்ளத்தாக்கிலும் செரெங்கெட்டியிலும் இவற்றைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்தார். மனிதக் கைரேகை போல ஒவ்வொரு வரிக்குதிரைக்கும் வரி வேறு. அதனால் புகைப்படம் எடுத்து வைத்தால் ஆளை மறுபடி கண்டுபிடித்துவிடலாம். அவர் கண்டது, அந்தப் பெருங்கூட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் குடும்பங்களால் ஆனது என்பதை.

ஓர் ஆண், சில பெண்கள், அவற்றின் குட்டிகள். இதுதான் ஒரு குடும்பம். பெண்கள் ஒன்றோ இரண்டோ இருக்கலாம், ஐந்தாறும் இருக்கலாம். ஒரு பெண் ஒரு குடும்பத்தில் நிலைத்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அங்கேதான். பெண்களுக்குள் மூத்தவள், இளையவள் என்ற வரிசை உண்டு. தண்ணீருக்கோ மேய்ச்சலுக்கோ நடக்கும்போது மூத்த பெண் முன்னால் போகும். மற்றவை தத்தம் குட்டிகளோடு பின்னால் வரிசையாகப் போகும். குடும்பத் தலைவன் என்று நாம் நினைக்கும் ஆண் பெரும்பாலும் கடைசியில் வரும், அல்லது பக்கவாட்டில் ஒதுங்கி நடக்கும். ஆபத்து வந்தால் குடும்பத்துக்கும் ஆபத்துக்கும் நடுவில் நிற்பது அதன் வேலை.

அந்த வேலை லேசானதல்ல. இரவில் கழுதைப்புலிகள் வரிக்குதிரையை வேட்டையாடப் பத்துக்கும் மேற்பட்டவையாகச் சேர்ந்து வரும். குடும்பம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். வேகமாகக்கூட ஓடாது, சிதறாமல் ஓடும். ஆண் பின்தங்கி, துரத்துபவற்றின் மேல் பாய்ந்து, கடித்தும் உதைத்தும் தடுக்கும். சிங்கத்தின் தாடையையே உடைத்துவிடும் உதை அது. சிதறி ஓடியிருந்தால் ஒவ்வொன்றும் தனக்காக மட்டும் ஓட வேண்டியிருக்கும், குட்டிகள்தான் முதலில் பிடிபடும்.

கிளிங்கெல் எழுதியவற்றில் நம் மனத்தில் தங்கிவிடுவது வேறொன்று. குடும்பத்தில் ஒன்று காயப்பட்டாலோ மூப்பால் நடை தளர்ந்தாலோ மற்றவை தங்கள் நடையைக் குறைத்துக்கொள்கின்றன. ஒன்று காணாமல் போனால் ஆண் அதைத் தேடிப் போகிறது, குரல் கொடுக்கிறது. கூட்டத்துக்குள் மற்றக் குடும்பங்களுக்கு நடுவே தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்கிறது. ஆண் இறந்துவிட்டாலும் பெண்கள் ஆளுக்கொரு திசையில் பிரிவதில்லை. சேர்ந்தே இருக்கின்றன. வேறோர் ஆண் அந்தக் குடும்பத்தை ஏற்றுக்கொள்கிறது.

குட்டி பிறப்பது தாயின் வயிற்றில் ஓராண்டுக்கும் மேல் இருந்த பிறகு. பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நிற்க முயலும், ஒரு மணி நேரத்துக்குள் ஓடும். கன்றை மறைத்து வைக்கப் புதர் இல்லாத வெளியில் அதற்கு வேறு வழியும் இல்லை. முதல் சில நாட்கள் தாய் யாரையும் நெருங்க விடாது. குடும்பத்தினரைக்கூட விரட்டும். இது கோபம் அல்ல. அந்த நாட்களில்தான் குட்டி தன் தாயின் வரியையும் வாசனையையும் குரலையும் மனத்தில் பதிய வைத்துக்கொள்கிறது. அதற்குள் இன்னொரு பெண் கண்முன் வந்து நின்றால் ஆள் மாறிவிடும்.

எல்லாமே மென்மையாக நடக்கிறது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பருவமடைந்த இளம் பெண்ணைக் கொண்டுபோக வெளியிலிருந்து ஆண்கள் வரிசையாக வரும், தந்தை ஒவ்வொன்றோடும் சண்டையிடும், கடைசியில் ஏதாவது ஒன்றிடம் தோற்கும். இளம் ஆண்களோ பெரும்பாலும் தாமாகவே வெளியேறி, தங்களைப் போன்றவற்றோடு சேர்ந்து ஒரு கூட்டமாகத் திரியும். விளையாட்டுச் சண்டை போட்டுப் பழகி, ஐந்தாறு வயதில்தான் சொந்தக் குடும்பம் அமைக்கும் தகுதி வரும். இந்த இளைஞர் கூட்டங்களின் தொல்லை அதிகமானால் குடும்பத் தலைவர்களான ஆண்கள் தங்கள் குடும்பங்களை அருகருகே கொண்டுவந்து, சேர்ந்து நின்று விரட்டுவதுண்டு. ஒரு தலைவன் மற்றொன்றைச் சந்தித்தால் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து, கழுத்தை உரசி முறையாக வரவேற்றுக்கொள்ளும். ஸலாம் சொல்லிக்கொள்வது போல என்று நமக்குத் தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

வரிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. சிங்கத்தின் கண்ணை ஏமாற்ற என்று நாம் பள்ளியில் கேட்டதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டிம் காரோவும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் குதிரைகளுக்கு வரிபோட்ட துணியைப் போர்த்திப் பார்த்தார்கள். கடிக்கும் ஈக்கள் பக்கத்தில் வந்தன, ஆனால் வேகத்தைக் குறைத்துச் சரியாக இறங்க முடியாமல் தடுமாறின. அதே ஆண்டில் ஜப்பானில் மாடுகளின் மேல் வெள்ளை வரி தீட்டியபோது ஈக்கடி பாதியாகக் குறைந்தது. ஈ பரப்பும் நோய்கள் ஆப்பிரிக்கக் குதிரை இனங்களைக் கொல்லக்கூடியவை. ஆக அந்த அழகான உடை ஒருவகைக் கொசுவலை.

யாரும் சொல்லித்தராத பாதை

சமவெளி வரிக்குதிரைகள் மழையைப் பின்தொடர்ந்து நடப்பவை. மாட்டைப் போல அசைபோடும் வயிறு இவற்றுக்கு இல்லை. அதனால் முற்றிய, நார்ச்சத்து மிகுந்த புல்லையும் நிறையத் தின்று விரைவாகக் கடத்திவிட முடியும். செரெங்கெட்டியில் உயர்ந்து வளர்ந்த புல்லை முதலில் வரிக்குதிரைகள் மேய்ந்து தாழ்த்துகின்றன. பின்னால் வரும் காட்டு மாடுகளுக்கு அடியிலிருக்கும் இளம்புல் கிடைக்கிறது.

போட்ஸ்வானாவில் நடந்ததைக் கேளுங்கள். ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்பிலிருந்து மக்காடிக்காடி உப்புச் சமவெளிக்கு வரிக்குதிரைகள் ஆண்டுதோறும் போய்வந்த பாதை ஒன்று இருந்தது. மாடுகளுக்கு நோய் பரவாமல் தடுக்க 1968இல் குறுக்கே கால்நடைத் துறையின் வேலி எழுந்தது. பாதை அடைபட்டது. 2004இல் வேலியை அகற்றினார்கள். காட்டில் வாழும் வரிக்குதிரையின் ஆயுள் அதிகம் போனால் இருபது ஆண்டுகளை எட்டும். 36 ஆண்டுகளுக்கு முந்தைய பாதையை நடந்து பார்த்த ஒன்றுகூட உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் கழுத்தில் கருவி பொருத்திய வரிக்குதிரைகள் அதே சமவெளிக்கு நடந்து போவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். போக வர 500 கிலோமீட்டருக்கும் மேல். பாட்டன் பாட்டி காட்டித்தராத வழியை எப்படிக் கண்டுகொண்டன? மழையையும் பசுமையையும் தேடித் தேடிப் போய்க் கண்டுகொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். சுப்ஹானல்லாஹ் என்பதற்கு மேல் நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

தண்ணீர் அமைக்கும் குடும்பம்

இனி இரண்டாவது வகை. வட கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் வாழும் கிரேவி வரிக்குதிரை. 1882இல் அபிசீனியாவிலிருந்து அன்றைய பிரெஞ்சு அதிபர் ஜூல் கிரேவிக்கு அன்பளிப்பாகப் போனதால் இந்தப் பெயர். வரிக்குதிரைகளில் இதுவே பெரியது. வரிகள் மெல்லியவை, நெருக்கமானவை, வயிறு வெள்ளை, காதுகள் அகன்று வட்டமானவை.

வரி ஒன்றுதான், குடும்பம் வேறு. கிரேவி வரிக்குதிரையில் ஆணும் பெண்ணும் நிலையாகச் சேர்ந்து வாழ்வதில்லை. பெண்கள் சில நாள் ஒரு கூட்டத்தோடு, சில நாள் வேறு கூட்டத்தோடு போகும். ஆண் ஒவ்வொன்றும் சில சதுர கிலோமீட்டர் நிலத்தைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஏன் இந்த வேறுபாடு? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ரூபன்ஸ்டீன் பல ஆண்டுகள் இரண்டு வகைகளையும் ஒப்பிட்டுச் சொன்ன விளக்கம் எளிமையானது. சமவெளியில் புல்லும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. எல்லாப் பெண்களும் சேர்ந்து ஒரே நடை நடக்கலாம், ஓர் ஆண் எல்லாரையும் காக்கலாம். வறண்ட வடக்கில் புல் ஓரிடம், தண்ணீர் வேறிடம். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு நாள்தோறும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தண்ணீர் வேண்டும். குட்டி இல்லாத பெண் ஐந்து நாள் வரைகூடத் தாங்கும், அதனால் நல்ல புல்லைத் தேடித் தூரம் போகும். தேவை இப்படிப் பிரிந்துவிடும்போது ஒரே குடும்பமாக ஒட்டியிருக்க வழியில்லை. தாய்மார்கள் நீர்நிலைக்கு அருகில் எல்லை வைத்திருக்கும் ஆணின் நிலத்தில் தங்கும். மற்ற ஆண்களின் தொல்லை அங்கே குறைவு.

தாய் தண்ணீருக்குப் போகும்போது குட்டி என்ன ஆகும்? பல தாய்கள் தங்கள் குட்டிகளை ஓரிடத்தில் சேர்த்து விட்டுப் போகின்றன, நம் ஊர் பால்வாடி போல. பல நேரங்களில் பெரிய ஆண் ஒன்று அந்தக் குட்டிகளோடு நிற்கும். குட்டியும் பிறந்து மூன்று மாதம் வரை தண்ணீர் குடிப்பதில்லை, பால் மட்டும்தான். அந்த மூன்று மாதமும் தாய் கிணற்றுக்கும் குட்டிக்கும் நடுவே நடக்கிறது.

சிக்கல் வருவது இங்கேதான். வட கென்யாவில் சாம்புரு, ரெண்டிலே, போரானா, சோமாலி மக்கள் மாடும் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்கிறார்கள். இவர்களில் போரானாக்களில் பெரும்பாலோரும் சோமாலிகளும் நம் சகோதர முஸ்லிம்கள். கோடையில் ஆறு வறண்டதும் மணலைத் தோண்டி ஊற்றுக்கிணறு எடுக்கிறார்கள். பகல் முழுதும் அங்கே ஆடுமாடுகளின் கூட்டம். வரிக்குதிரைகள் ஒதுங்கி நின்று, எல்லாரும் போன பிறகு இரவில் வருகின்றன. இரவில்தான் சிங்கமும் கழுதைப்புலியும் வேட்டைக்கு இறங்கும் நேரம். பகலில் குடிக்க முடியாத தாய் இரவில் குடிக்கிறது, விலையைப் பல நேரம் குட்டி கொடுக்கிறது. கிணற்றைச் சுற்றி முள்வேலி அடைத்துவிட்டால் அதுவும் இல்லை.

மேய்ப்பவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் அதே கிணறுதான் உயிர். தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவது நமக்குப் புதிதும் அல்ல. ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஸமூது கூட்டத்தாருக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை வகுக்கப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். வட கென்யாவில் இன்று நடக்கும் முயற்சிகளும் ஏறக்குறைய அதே வழியில்தான். இரவில் கிணற்றைத் திறந்து வைப்பது, அருகில் குடிசை போடாமல் விடுவது, எந்தப் பக்கம் குட்டி ஈன்ற தாய்கள் இருக்கின்றன என்று பார்த்துக் குறித்து வைக்க அந்த ஊர் ஆண்களையும் பெண்களையுமே காவலர்களாக அமர்த்துவது.

எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இன்னொரு தொல்லை. அதைக் கேட்டால் ராமநாதபுரத்துக்காரர்கள் தலையை ஆட்டுவார்கள். சீமைக் கருவேலம். அதே மரம், அதே முள். பாலைவனமாவதைத் தடுக்க என்று கொண்டுவந்து நட்டது அஃபாரில் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அஃபார் மக்களும் முஸ்லிம்கள், மேய்ச்சல்தான் தொழில். அல்லெய்டெகி புல்வெளியில் கிரேவி வரிக்குதிரையும் அவர்களுடைய மாடும் ஒட்டகமும் ஒரே புல்லை நம்பி வாழ்கின்றன. ஆடுமாடுகள் காயைத் தின்று சாணத்தோடு விதையைக் கொண்டுபோய்ப் புதுப்புது இடத்தில் போடுகின்றன. மரம் அடர்ந்தால் புல் போகும். பிறகு யாருக்கும் மேய்ச்சல் இல்லை.

1970களின் இறுதியில் கிரேவி வரிக்குதிரைகள் சுமார் 15,000 இருந்தன. தோலுக்காக நடந்த வேட்டையே முதல் அடி. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. அதற்குப் பிறகு மேய்ச்சலும் தண்ணீரும் சுருங்கின. இன்று உலகில் சுமார் 3,000 மட்டுமே, அவற்றில் பத்தில் ஒன்பது கென்யாவில். 2016 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் கேமராவோடு போய் ஒவ்வொரு வரிக்குதிரையின் வலது பக்கத்தையும் படமெடுத்து வந்தார்கள். வரிகளைக் கணினி ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்கு 2,350. 2018இல் மறுபடி எடுத்தபோது 2,812. தொடர்ந்து குறைந்துவந்த எண்ணிக்கை நின்றிருந்தது.

பிறகு அடுத்தடுத்து மழை பொய்த்தது. 2022இல் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் 49 கிரேவி வரிக்குதிரைகள் வறட்சியில் செத்துக் கிடந்ததாகக் கென்ய அரசு அறிவித்தது. மொத்தமே 3,000 இருக்கும் இடத்தில் 49. அந்த மாதங்களில், தங்கள் சொந்த மாடுகளையே பறிகொடுத்துக்கொண்டிருந்த ஊர்களைச் சேர்ந்த அந்தக் காவலர்கள், வரிக்குதிரைகள் நடமாடும் இடங்களுக்கு வைக்கோல் கட்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டு வந்தார்கள்.